கெளுத்தி மீன்களுக்குக் காய்கறி: எதை, எவ்வளவு, எத்தனை மணி நேரம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இது: 100 லிட்டர் தொட்டி, நீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸ். அதில் 10 செ.மீ. அளவில் ஒரு பிரிஸ்டில்நோஸ் பிளெகோ, கூடவே ஆறு கோரிடோரஸ்; இரண்டும் கெளுத்தி வகைதான். அடியில் மேயும் மீன்களுக்குப் பச்சைக் காய்கறி நல்லது என்று கேள்விப்பட்டு அரை வெள்ளரிக்காயை அப்படியே போட்டீர்கள். அது மிதந்தது, ஒரு மீனும் தொடவில்லை. எப்போதாவது தின்னும் என்று மறுநாள் இரவுவரை விட்டுவைத்தீர்கள். இப்போது தண்ணீர் பால் கலந்ததுபோல் இருக்கிறது, பிளெகோ அடிக்கடி மேலே போய் வாயைத் திறந்துவிட்டு இறங்குகிறது. “வெள்ளரிக்காய்க்குப் பதில் எந்தக் காயைக் கொடுத்திருக்க வேண்டும்?” என்று கேட்கிறீர்கள். காயில் குற்றமில்லை. அளவும் நேரமும்தான் பிசகின. அவை சரியாக இருந்தால் வெள்ளரிக்காயே நல்ல தீனிதான். அவை தப்பினால் எந்தக் காயைப் போட்டாலும் இதே கதைதான் நடக்கும்.

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியது. மிச்சக் காயையும் மணலில் கிடக்கும் துணுக்குகளையும் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். அதோடு சேர்ந்து 30 லிட்டர் தண்ணீர் வெளியே போகட்டும். புதிதாக ஊற்றும் தண்ணீர் குளோரின் நீக்கியதாகவும் தொட்டியின் வெப்பத்துக்கு ஓரிரு டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும். ஏர் பம்ப் இருந்தால் இரவு முழுக்க ஓடட்டும். இல்லையென்றால் ஃபில்டரிலிருந்து தண்ணீர் கொட்டும் வாயை, நீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி திருப்பி வையுங்கள். ஸ்பாஞ்சைக் கழுவியே ஆக வேண்டும் என்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழியுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினாலோ புது ஸ்பாஞ்ச் மாற்றினாலோ அம்மோனியாவைச் செரிக்கும் பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். அவை இப்போதுதான் உங்களுக்கு அதிகம் தேவை. ஒன்றிரண்டு நாள் தீனி வேண்டாம், நல்ல உடம்புள்ள மீன் அதைத் தாங்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் தினம் அளந்து பாருங்கள். எதுவாவது 0.25 பிபிஎம்மை (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) தொட்டால் கால்வாசித் தண்ணீரை மீண்டும் மாற்றுங்கள். அந்த வெண்மை பாக்டீரியாப் பெருக்கம்தான். அழுகும் பொருள் போய்விட்டால் பெரும்பாலும் சில நாட்களில் தானாக அடங்கிவிடும். நீரைத் தெளியவைக்கும் மருந்து எதையும் ஊற்ற வேண்டாம்.

பிளெகோ மேலே போய் வருவதைச் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். பிளெகோவின் குடும்பத்தில் பல இனங்கள் காற்றை விழுங்கி இரைப்பை வழியாக ஆக்சிஜன் எடுக்கும்; கோரிடோரஸ் குடலின் பின்பகுதி வழியாக எடுக்கும். கோரிடோரஸ் அவ்வப்போது விர்ரென்று மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றோடு திரும்புவது அதன் இயல்பு. எப்போதும் கண்ணாடியிலோ கட்டையிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் பிரிஸ்டில்நோஸ் அடிக்கடி மேலே போகத் தொடங்கினால், நீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்றே முதலில் நினைக்க வேண்டும்.

ஏன் குறைந்தது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை வெள்ளரிக்காயின் எடை 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். மிஞ்சுவது 7 கிராம் அளவு. புரதம் ஒரு கிராம், அதிலுள்ள நைட்ரஜன் 0.16 கிராம். அத்தனையும் அழுகி அம்மோனியாவாக மாறினால் 100 லிட்டருக்கு லிட்டர் ஒன்றுக்கு 1.6 மில்லிகிராம் நைட்ரஜன். இதுவே ஆபத்தான அளவுதான். ஆனால் மிச்சம் ஆறு கிராமும் சர்க்கரையும் நாரும். பாக்டீரியா அதைத் தின்னும்போது கிராமுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். 27 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 8 மில்லிகிராம். அதாவது உங்கள் தொட்டி முழுவதிலும் ஒரு நேரத்தில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவு. அந்த அரைக்காய் முழுதும் மக்குவதற்கு அதைப்போல எட்டு, ஒன்பது மடங்கு வேண்டும். மக்குவது ஒரே இரவில் முடிவதில்லை, மேற்பரப்பிலிருந்து ஆக்சிஜன் ஓயாமல் உள்ளே வந்துகொண்டும் இருக்கிறது. அதனால்தான் மீன்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. விளக்கு அணைந்த பின் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். ஆகவே இப்படிப்பட்ட தொட்டியில் நெருக்கடி முற்றுவது விடியலுக்கு முந்தைய சில மணி நேரத்தில்.

இதே கணக்கை ஒரு வில்லைக்குப் போடுங்கள். வெள்ளரிபோல் நீண்ட, பூசணி வகைக் காயான சுக்கினியில் 4 செ.மீ. விட்டமுள்ளதை எடுத்து 1 செ.மீ. கனத்துக்கு ஒரு வில்லை வெட்டினால் 12 கிராம் இருக்கும். அதில் திடப்பொருள் அரை கிராமைச் சற்றுத் தாண்டும். பாதியை மீன் தின்று, மீதியைக் காலையில் நீங்கள் எடுத்துவிட்டால் தொட்டிக்கு அது ஒரு சுமையே இல்லை. இப்போதைக்கு உங்கள் தொட்டிக்குச் சரியான அளவு அந்த ஒரு வில்லைதான்.

அடுத்தது எந்த மீனுக்கு என்பது. ‘அடியில் மேயும் கெளுத்தி’ என்ற ஒரே பெயரில் சாப்பாட்டு வழக்கம் முற்றிலும் வேறான மீன்களை அடக்கிவிடுகிறோம். உங்களிடம் இருக்கும் பிரிஸ்டில்நோஸ், அதாவது ஆன்சிஸ்ட்ரஸ், உறிஞ்சுவாய்க் கெளுத்தி. வாயில் வரிசையாகச் சிறு பற்கள், சுருள் சுருளாக நீண்ட குடல். கல்லிலும் கட்டையிலும் படிந்த பாசியையும், அதோடு ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்துச் சுரண்டித் தின்னப் பிறந்தது. காய்கறி இதற்கு நன்றாகவே ஒத்துப்போகும். கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் சாதாரண பிளெகோவும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அது 30 செ.மீ. தாண்டி வளரும், அதன் கழிவும் அதற்கேற்ற அளவில் இருக்கும். ஓட்டோசிங்க்லஸ் 4 செ.மீ. அளவுள்ள பாசி தின்னி. புதிதாக அமைத்த, பாசி பிடிக்காத தொட்டியில் விட்டால் பட்டினியில் சாகிற மீன் இது. மெல்லிய சுக்கினி வில்லை இதற்கு உயிர்காக்கும் தீனி, என்ன, பழகச் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும். பனாக்கே என்ற பிளெகோ இனங்கள் கட்டையைக் கொறிக்கும். அந்தக் கட்டைத்தூள் சில மணி நேரத்தில் குடலைக் கடந்து வெளியே வந்துவிடும். கட்டை இருக்கிறதே என்று அவற்றுக்கு வேறு தீனி கொடுக்காமல் விடக்கூடாது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு போன்ற கெட்டியான காய்களை அவை விரும்பித் தின்னும்.

இதற்கு எதிர்ப்புறத்தில் இருப்பவை ஸீப்ரா பிளெகோ, கேக்டஸ் பிளெகோ என்று அழைக்கப்படும் சூடாகான்திகஸ் இனங்கள் போன்றவை. தோற்றத்தில் பிளெகோதான், வாயும் உறிஞ்சுவாய்தான், ஆனால் நாட்டம் புழு, இறால், மீன்தசை போன்ற இரைகளின் பக்கம். ‘பிளெகோ என்றால் சைவம்’ என்று நம்பி விலையுயர்ந்த ஸீப்ராவுக்கு வெள்ளரிக்காயை மட்டுமே போட்டு மெலியவைப்பது வருத்தமான தவறு. பெயர் தெரியாத பிளெகோவை வாங்கும்போது அதன் எல் எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1988 முதல் அறிவியல் பெயர் இன்னும் உறுதிப்படாத இந்த மீன்களுக்கு அப்படி எண் கொடுத்து வருகிறார்கள். ஸீப்ரா எல் 46. எண் தெரிந்தால் தீனி என்ன என்று தேடிக் கண்டுபிடிக்கலாம்.

உங்கள் கோரிடோரஸுக்குச் சுரண்டும் வாயே கிடையாது. மீசையால் மணலைத் துழாவிப் புழுவையும் பூச்சி முட்டையையும் பொறுக்கித் தின்னும் மீன் அது. நன்றாக வெந்த பட்டாணியின் பருப்பையும் சுக்கினியின் நடுவிலுள்ள குழைந்த சதையையும் கொத்திப் பார்க்கும், அவ்வளவுதான். ‘காய் போட்டிருக்கிறேன், இன்று அது போதும்’ என்று கோரிடோரஸ் விஷயத்தில் இருந்துவிடாதீர்கள். காய் போடும் நாளிலும் அவற்றுக்கு மூழ்கும் பெல்லட்டோ (குருணைத் தீனி) உறையவைத்த ரத்தப்புழுவோ தனியாகப் போக வேண்டும்.

பிரிஸ்டில்நோஸுக்கும் காய் மட்டும் போதாது. 35 சதவீதம் புரதமுள்ள ஒரு கிராம் வேஃபரில் (கடையில் கிடைக்கும் தட்டையான, மூழ்கும் தீனி) கிடைக்கும் புரதம் 0.35 கிராம். அதே புரதத்தைச் சுக்கினியிலிருந்து எடுக்க வேண்டுமானால் 30 கிராம், அதாவது இரண்டரை வில்லை தின்றாக வேண்டும். காய்கறி நார், சில விட்டமின்கள், குடலுக்கு ஓயாத வேலை, இரவெல்லாம் சுரண்டிக்கொண்டிருக்க ஒரு பொருள் ஆகியவற்றைத் தருகிறது; தசையும் எலும்பும் வளர்க்கும் பொருள் அதில் சொற்பம். வாரத்தில் மூன்று இரவு காய், மற்ற இரவுகளில் பாசி சார்ந்த வேஃபர், வாரம் ஒருமுறை கொஞ்சம் புழுவோ இறாலோ என்பது வளர்ந்த பிரிஸ்டில்நோஸுக்குப் பொருத்தமான பங்கீடு. குஞ்சுகளுக்குத் தினமும் காய் வைக்கலாம், ஆனால் அதே நாளில் வேஃபரும் இருக்க வேண்டும். காயை மட்டும் தின்று வளரும் குஞ்சுகள் வயிறு நிறைந்து தெரியும், நீளம் ஏறாது.

காய்களில் என் முதல் தேர்வு சுக்கினி. சதை ஒரே சீராக மென்மையானது, தோல் வில்லையைக் கலையாமல் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை நிறம் மாற்றாது. வெள்ளரிக்காயில் சத்து இன்னும் கொஞ்சம் குறைவு, விதைப்பகுதி சீக்கிரம் கூழாகிப் பிரியும். நீளவாக்கில் பிளந்து விதையைச் சுரண்டி எடுத்துவிட்டால் அந்தத் தொல்லை போய்விடும். பூசணி, பரங்கி வகைகள் நன்று. கேரட்டும் சர்க்கரைவள்ளியும் சத்து மிகுந்தவை, ஆனால் அதிகம் வேக வேண்டும். சர்க்கரைவள்ளியின் மாவு தண்ணீரைச் சட்டென்று கலக்கிவிடும், ஆகவே சிறு துண்டு, குறைந்த நேரம். பீன்ஸை வேகவைத்து நீளவாக்கில் பிளந்து போடுங்கள். பட்டாணியைத் தோலுரிக்காமல் போட்டால் தோல் மட்டும் தொட்டி முழுக்க மிதக்கும். பசலைக்கீரையும் லெட்யூஸும் ஓட்டோசிங்க்லஸுக்கும் குஞ்சுகளுக்கும் பிடிக்கும். கிழிந்த இலைத்துண்டுகள் ஃபில்டரின் உறிஞ்சுவாயை அடைக்கும் என்பதால் கற்றையாகக் கட்டியே வைக்க வேண்டும். ப்ரோக்கோலியின் பூ உதிர்ந்து மணலுக்குள் போய்விடும், தண்டு மட்டும் என்றால் சரி. முட்டைக்கோஸ் தண்ணீரில் நாறும், எனக்கு ஏற்பில்லை. பீட்ரூட் கெடுதல் செய்யாது, ஆனால் தொட்டி சிவந்து போகும். வெங்காயம், மிளகாய், எலுமிச்சை வகைப் பழங்கள், பச்சை ஏறிய உருளைக்கிழங்கு இவற்றைப் போடக்கூடாது. உப்பு சேர்த்த டப்பாக் காய்களும் வேண்டாம். சுக்கினி, வெள்ளரி, பூசணி எதை வெட்டினாலும் ஒரு சிறு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தூக்கி எறியுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருள், வேகவைத்தாலும் போகாது.

வேகவைப்பதற்கு இரண்டு காரணங்கள். பச்சைக் காயின் திசு இடுக்குகளில் காற்று அடைந்திருக்கிறது, அதனால்தான் உங்கள் வெள்ளரிக்காய் மிதந்தது. கொதிநீர் அந்தக் காற்றை வெளியேற்றி, செல் சுவர்களையும் தளர்த்திவிடும். பெரிய பிளெகோவுக்குப் பச்சைக் காயையே சுரண்டும் பலம் உண்டு, 10 செ.மீ. மீனுக்கும் ஓட்டோசிங்க்லஸுக்கும் மென்மையாக்கிக் கொடுப்பதே நல்லது. உப்பு, எண்ணெய் எதுவும் இல்லாத தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, 1 செ.மீ. சுக்கினி வில்லைகளை ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் போடுங்கள். தோலின் பச்சை பளிச்சென்று ஏறும், வெள்ளைச் சதையின் ஓரம் கண்ணாடிபோல் தெரியத் தொடங்கும். முள்கரண்டியை அழுத்தாமலே குத்த முடிந்து, தூக்கினால் வில்லை வளையாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். வளைந்து தொங்கினால் அளவுக்கு மேல் வெந்துவிட்டது, தொட்டியில் இரவைத் தாங்காது. வெள்ளரிக்கு ஒரு நிமிடம் போதும், கீரைக்கு அரை நிமிடம், பூசணிக்கு நான்கு, பீன்ஸுக்கு மூன்று, அரை செ.மீ. கனத்தில் நறுக்கிய கேரட்டுக்கும் சர்க்கரைவள்ளிக்கும் ஐந்து முதல் ஏழு. எடுத்தவுடன் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வேக்காட்டை நிறுத்துங்கள். நேரம் நீள நீள விட்டமின் சி உள்ளிட்ட நீரில் கரையும் சத்துகள் கொதிநீரோடு போய்விடும், அதனால் பதம் வந்ததும் எடுத்துவிடுவதே நல்லது.

இன்னொரு வழி உறையவைப்பது. வில்லைகளைத் தட்டில் ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்தால், பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்து வேகவைத்ததுபோலவே மென்மையாக்கிவிடும். உறைந்ததும் டப்பாவில் போட்டு ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது ஒன்றை எடுத்து, உறைவு விட்டதும் கசியும் நீரை வடித்துவிட்டு நேராகத் தொட்டியில் போடலாம். தனி ஆளாக ஒரு பிளெகோ வளர்ப்பவருக்கு இதுதான் வசதி. ஒரு முழுச் சுக்கினி இருபது இரவுக்கு வரும்.

வேகவைத்தாலும் சில வில்லைகள் மிதக்கும், ஆகவே பாரம் வேண்டும். எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி அடியில் கிடத்துவதைவிட எளிதான வழி இல்லை. காலையில் எடுப்பதற்கும் அதுவே கைப்பிடி. ரப்பர் உறிஞ்சியுள்ள காய்கறி கிளிப்பும் நல்லது, ஆனால் அதைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் ஒட்ட வேண்டும். நடுவில் ஒட்டினால், பார்ப், கோல்டுஃபிஷ் போன்ற மீன்கள் இருக்கும் தொட்டியில் அவை முந்திக்கொள்ளும். செம்புக் கம்பி, துத்தநாகம் பூசிய ஆணி, ஈயப்பட்டை இவற்றால் கட்டாதீர்கள். இறாலும் நத்தையும் இருக்கிற தொட்டியில் செம்பு மிகக் கெடுதல். பெரிய வில்லையின் நடுச்சதையை மட்டும் தின்றுவிட்டுத் தோல்வளையத்துக்குள் மீன் நுழையப் பார்க்கும். கன்னத்தில் முள் உள்ள பிளெகோவுக்கு உள்ளே போவது எளிது, பின்வாங்குவது கடினம். வில்லையை அரைவட்டமாக வெட்டிவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, மீன் பகலில் ஒளிந்திருக்கும் கட்டைக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். இரவில் மங்கிய விளக்கொளியில் பார்த்தால், பிரிஸ்டில்நோஸ் வில்லையின் மேல் வயிறு படியப் படுத்து, வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பது தெரியும். ஈரத் துணியால் துடைத்ததுபோல் ஒரு பாதை முதலில் பளபளக்கும், பிறகு அது பள்ளமாகும். விதைப்பகுதிதான் முதலில் போகும், அப்புறம் சதை. காலையில் கரண்டியில் ஒரு பச்சைத் தோல்வளையமும், அதன் உட்புறத்தில் நெருக்கமான நுண்கோடுகளும் மிஞ்சியிருந்தால் அளவு சரியாக இருந்தது என்று பொருள். பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் அடுத்தமுறை பாதி போடுங்கள். 27 டிகிரியில் 12 மணி நேரத்துக்கு மேல் எதையும் விடவேண்டாம். ஓட்டோசிங்க்லஸைப் பழக்கும்போது மட்டும் சுக்கினியை 24 மணி நேரம் விடலாம். மேலே படியும் மெல்லிய வழவழப்பு அவற்றை இழுக்கும். அப்போதும் ஏர் பம்ப் ஓட வேண்டும், வில்லை சிறிதாக இருக்க வேண்டும். காலையில் வில்லையின் அடியில் நத்தைகள் மொய்த்திருந்தால் அப்படியே கரண்டியோடு தூக்கி எடுங்கள். பெருகிவிட்ட நத்தையைக் குறைக்க இதைவிட மென்மையான வழி கிடையாது.

முதல் இரவு தொடாவிட்டால் மனம் தளர வேண்டாம். தினமும் வேஃபர் தின்று பழகிய மீனுக்குக் காய் உணவு என்றே தெரியாது. ஒரு நாள் தீனியை நிறுத்தி, மறுநாள் அதே இடத்தில், அதே நேரத்தில் வையுங்கள். ஊறவைத்த வேஃபரைப் பிசைந்து வில்லையின் மேல் மெல்லியதாகத் தடவினால் வாசனைக்கு வரும். நான்கைந்து முயற்சிக்குப் பின்னும் சுக்கினி வேண்டாம் என்றால் பூசணியையோ பீன்ஸையோ பாருங்கள். காய் தின்றே ஆக வேண்டும் என்று வளர்ந்த மீனைப் பல நாள் பட்டினி போடுவது சரியில்லை. குஞ்சுகளிடமும் ஓட்டோசிங்க்லஸிடமும் அதைச் செய்யவே கூடாது.

காயில் தங்கியிருக்கும் பூச்சிமருந்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவது மேற்பரப்பில் உள்ளதில் ஒரு பங்கை நீக்கும். ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் சமையல் சோடா கரைத்துக் கால் மணி நேரம் ஊறவைத்தால் சில மருந்துகள் இன்னும் நன்றாகப் போகும். செடியின் உள்ளுக்கே ஊடுருவும் வகை மருந்துகள் எதற்கும் அசையாது; தோல் சீவினாலும் ஓரளவே குறையும். இறால் உள்ள தொட்டிகளில் இந்த ஆபத்து நிஜமானது, ஏனென்றால் பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். அப்படிப்பட்ட தொட்டிக்கு நீங்களே வளர்த்த காயோ மருந்தடிக்காதது என்று நிச்சயமாகத் தெரிந்த காயோதான் போக வேண்டும். மீன் மட்டும் உள்ள உங்கள் தொட்டிக்கு நன்றாகக் கழுவி, மெழுகு பூசிய காயானால் தோலையும் சீவிப் போட்டால் போதும்.

மீன் வளர்ப்போரிடையே உலவும் சில கருத்துகளை இவ்வளவு உறுதியோடு சொல்ல முடியாது. பட்டாணி மலச்சிக்கலை நீக்கும் என்பது பலரும் கண்டதாகச் சொல்வது; பட்டினியா பட்டாணியா எது வேலை செய்தது என்று அந்த அனுபவங்களிலிருந்து பிரித்தறிய வழியில்லை. எல்லாப் பிளெகோவுக்கும் கட்டை கட்டாயம் என்பதும் அப்படித்தான். கொறிக்கவும் ஒளியவும் கட்டை நல்லது, நானும் வைக்கத்தான் சொல்வேன், ஆனால் அது இல்லாவிட்டால் செரிமானம் நின்றுவிடும் என்பது மிகை. பசலையின் ஆக்ஸலேட் சுண்ணாம்புச்சத்தைக் கெடுக்கும் என்ற பயம் தினமும் அதையே கொடுப்பவருக்குப் பொருந்தலாம், வாரம் ஒருமுறைக்குப் பொருந்தாது. வெள்ளரிக்காய் வெறும் தண்ணீர், பயனே இல்லை என்பதும் சரியல்ல; சுக்கினியும் 95 சதவீதம் தண்ணீர்தான்.

தண்ணீர் தெளிந்து, டெஸ்ட் கிட் இரண்டு நாள் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகு ஓர் அரைவட்ட வில்லையில் மறுபடி தொடங்குங்கள். அடுத்த நாள் பிளெகோவின் கழிவு நீளமான இழையாகத் தின்ற காயின் நிறத்தில் வரும்: சுக்கினிக்கு வெளிர்பச்சை, கேரட்டுக்கு ஆரஞ்சு. அதைக் கண்டு பதற வேண்டாம், வாரம் ஒருமுறை மணலை சைஃபன் செய்தால் சரி. கோரிடோரஸின் மீசை அரிபடாமல் இருக்கவும் சுத்தமான மணல் உதவும். மீன் கண்ணாடியில் ஒட்டும்போது வயிற்றைப் பாருங்கள்: தட்டையாகவோ லேசாக உப்பியோ இருந்தால் நலம், உள்வாங்கிக் குழிந்திருந்தால் தீனி போதவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யத்தில் நின்று, ஏர் பம்பும் ஓடி, அதற்குப் பின்னும் பிளெகோ மேலே போய் மூச்சு வாங்கினாலோ, கழிவு நிறமற்ற வெள்ளை இழையாக வந்தாலோ, காரணம் செவுளிலோ குடலிலோ உள்ள ஒட்டுண்ணியாக இருக்கலாம். எழுத்தில் கேட்டு அதைத் தீர்மானிக்க முடியாது. மருந்தை ஊகித்து ஊற்றாமல், மீன் நோய் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் மீனையோ தெளிவான வீடியோவையோ காட்டுங்கள்.